பின்சீட்டு அம்மாவின் முதுகெலும்பும் பைக்கின் பின் ஷாக் அப்சார்பரும்: ஒரு வரலாறு

1/


குற்றாலத்தில் சாரல் ஆரம்பிச்சாச்சு. தென்காசிப் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனி சீசன். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் வருவார்கள். ஈர ரோட்டில் பைக் சறுக்கியவர்கள் வருவார்கள். இவர்களோடு இன்னொரு வகையும் வரும். அவர்கள் எங்கேயும் விழுந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் முதுகெலும்பு உடைந்திருக்கும்.

2/
அப்படி வந்தவர்தான் அந்த அம்மா. வயது 60ஐத் தாண்டியிருக்கும். சுரண்டைப் பக்கத்திலிருந்து மகனோட பைக்கில் ஐந்தருவிக்குக் குளிக்க வந்திருக்கிறார். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்த பயணம்.

"எங்கயும் விழல சார். ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல லேசா தூக்கிப் போட்டுச்சு. அவ்வளவுதான்" என்றார் மகன்.

"டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுய்யா. பொறவு நிமிரவே முடியல" என்றார் அம்மா.

எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு (எல் 1) முன்பக்கம் அமுங்கி, சதுரமாக இருக்க வேண்டியது ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் பிரச்சனை அவருக்கு ஏற்கனவே இருந்திருக்கு. அது அவருக்கே தெரியாது. அன்றைய வேகத்தடைதான் அதைக் காட்டிக் கொடுத்தது.

3/
மருந்து எழுதி, அட்மிஷன் போட்டுவிட்டு, மகனோடு வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். வலது பக்க ஷாக் அப்சார்பரின் கம்பி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் தூசி அப்பி கறுத்துப் போயிருந்தது. சீட்டை ஒரு அமுக்கு அமுக்கி விட்டேன். வண்டி நாலு தடவை குதித்து அடங்கியது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு தம்பி?"

"ரொம்ப நாளா சார். ஓடுதுல்லா, அப்படியே விட்டுட்டேன்."

அவரைத் திட்ட எனக்கு மனசு வரல. ஏன்னா அன்னைக்கு என் வண்டியும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருந்தது. அதனால்தான் ஒரு டாக்டர் ஷாக் அப்சார்பரின் வரலாறு எழுத வேண்டியதாப் போச்சு.

4/
முதலில் ஒரு சின்ன உடற்கூறு பாடம்.

நம் முதுகெலும்பே ஒரு ஷாக் அப்சார்பர்தான். முள்ளெலும்புகளுக்கு இடையே 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் தண்ணீர்ச் சத்து நிறைந்த கூழ், சுற்றிலும் நார் வளையம். பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து இருக்கும். நடக்கும்போதும் குதிக்கும்போதும் வரும் அதிர்ச்சியை இவை பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேலும் கீழும் ஆட்டினால், விநாடிக்கு சுமார் 4 முதல் 6 தடவை என்ற கணக்கில் ஆடும்போது உடம்பும் சேர்ந்து அதிகமாக ஆடும். ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் உயரப் போகுமே, அதே கதை. அந்தத் தாளமும் திடீர் அடியும் முதுகுக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வண்டியில் ஸ்பிரிங்கின் வேலை.

5/
இதை நம்ம ஊர்க்காரர்கள் எப்பவோ புரிஞ்சு வச்சிருந்தாங்க. நெல் மூட்டை ஏற்ற கட்டை வண்டி. குடும்பம் ஏறிப் போக வில்வண்டி.

வில்வண்டியில் வில் எங்கே இருக்கு? அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டை வில் அது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் பட்டை வளையும், கூண்டு பெரிதாக ஆடாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் சீக்கிரம் அடங்கும். குடும்பத்துப் பெண்களும் பெரியவர்களும் திருவிழாவுக்குப் போக வில்வண்டி பூட்டியது பகட்டுக்காக மட்டும் இல்லை. அவர்கள் இடுப்புக்கும் அது நல்லது.

6/
மோட்டார் சைக்கிள் பிறந்தபோது இந்த அறிவு அதற்கு வாய்க்கவில்லை.

1885ல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த முதல் பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு மரச் சக்கரம், இரும்புப் பட்டை. ஸ்பிரிங் கிடையாது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகில்தான் வந்து முடியும்.

முதல் நிவாரணம் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. மாட்டு டாக்டர்! அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்து, 1888ல் காப்புரிமை பெற்றார். இதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் டயரைத் தெருவுக்குக் கொண்டுவந்த பெருமை டன்லப்புக்கே.

டயரில் இருக்கும் காற்றும் ஒருவகை ஸ்பிரிங்தான். இருசக்கர வண்டிக்குக் கிடைத்த முதல் நல்ல ஷாக் அப்சார்பர் அதுதான்னு சொல்லலாம்.

7/
அதற்கப்புறம் பல வருஷம் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் கவனிப்பு. முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், ஓட்டுபவர் உட்கார ஸ்பிரிங் வைத்த தோல் சீட். பின்சக்கரம்? சட்டத்தோடு சேர்த்து இறுக்கி முடுக்கியது.

அப்போ பின்னால் உட்கார்ந்தவர்? சாமான் வைக்கும் கேரியர் மேல் ஒரு மெத்தையைக் கட்டி உட்கார வைத்தார்கள். 1920களில் பெண்கள் அதில் உட்கார்ந்து போவதைக் கேலி செய்து, இங்கிலாந்தில் அந்த இருக்கைக்கே ஒரு பட்டப்பெயர் இருந்தது. பின் அச்சுக்கு நேர் மேலே, நடுவில் எந்த ஸ்பிரிங்கும் இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

8/
யாருமே முயற்சி பண்ணலையா? பண்ணினார்கள்.

1913ல் அமெரிக்காவின் 'இந்தியன்' மோட்டார் சைக்கிள் கம்பெனி (பேர்தான் இந்தியன், ஊர் அமெரிக்கா) பின்சக்கரத்துக்குப் பட்டை வில் வைத்து வண்டி விட்டது. நம்ம வில்வண்டித் தத்துவமேதான்.

1928ல் பிலிப் வின்சென்ட் என்ற ஆங்கிலேய இளைஞர், பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணச் சட்டம் ஒரு கீலில் ஆட, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் அதைத் தாங்குமாறு ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மோனோ ஷாக்கின் தாத்தா அது.

ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் மசியவில்லை. பின்சக்கரம் ஆடினால் வண்டி தடுமாறும், செயின் கழன்றுவிடும், செலவும் கூடும் என்பது அவர்கள் பயம். அன்றைய பேரிங்கையும் இரும்பையும் வைத்துப் பார்த்தால் அது முழுக்க வெறும் பயமும் இல்லை.

9/
1938ல் பிஎம்டபிள்யூ ஆர் 51 மாடலில் பின் அச்சின் இருபுறமும் குழாய்க்குள் ஏறி இறங்கும் ஸ்பிரிங் வைத்தார்கள். பிளஞ்சர் என்று பெயர். சில அங்குலம்தான் ஆடும். இருந்தாலும் முதுகுக்கு ஆறுதல்.

ட்ரையம்ப் கம்பெனி இன்னொரு வழி பிடித்தது. ஸ்பிரிங்குகளைப் பின்சக்கர நடுக்குடத்துக்குள்ளேயே திணித்து அடைத்தது. உள்ளே அவ்வளவு விசை அடைபட்டுக் கிடந்ததால், சரியான கருவி இல்லாமல் இதைப் பிரிக்காதே என்ற எச்சரிக்கையை அந்தக் குடத்தின் மேலேயே பொறித்தார்கள். இதை நினைவில் வையுங்க, பின்னாடி தேவைப்படும்.

10/
ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதுமா? போதாது.

ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளும். உடனே திருப்பியும் கொடுத்துவிடும். அதனால்தான் எண்ணெய் போன வண்டி குதிக்குது. வாங்கிய சக்தியைத் தீர்த்துக்கட்ட ஒருத்தர் வேணும். அவர்தான் டேம்பர்.

ஒரு குழாயில் எண்ணெய். அதில் துளை போட்ட ஒரு பிஸ்டன். வண்டி ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தச் சின்னத் துளை வழியே நெருக்கிக்கொண்டு போகணும். அந்த நெரிசலில் அசைவின் சக்தி சூடாக மாறிப் போய்விடும். மோசமான ரோட்டில் ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு ஷாக்கப்சரைத் தொட்டுப் பாருங்க, சுடும். உங்கள் முதுகுக்கு வந்திருக்க வேண்டிய அடிதான் அந்தச் சூடு.

11/
இந்த எண்ணெய் டேம்பரையும் ஆடும் பின்கையையும் (ஸ்விங் ஆர்ம்) சரியாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ். இவரும் டன்லப் வாழ்ந்த அதே பெல்பாஸ்ட்காரர். 1940களில் தன் சொந்த பைக்குக்கு, ஒரு சிட்ரோயன் காரின் ஷாக் அப்சார்பர்களை எடுத்துப் பின்னால் நிமிர்த்தி மாட்டிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப் மூளை!

பிறகு நார்ட்டன் கம்பெனிக்காக அவர் வடிவமைத்த சட்டம் 1950ல் பந்தயத்துக்கு வந்தது. அதற்கு 'இறகு மெத்தை' என்று பெயர். ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஒருவர் மெத்தையில் போவது மாதிரி இருக்குன்னு சொன்னதால் வந்த பெயர். எஞ்சின் வேகத்துக்காக இல்லாமல் முதுகுக்குக் கிடைத்த சுகத்துக்காகப் பெயர் வாங்கிய சட்டம் அது.

12/
இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். புல்லட்!

1948 தொடக்கத்தில் ராயல் என்ஃபீல்டு தன் 350 சிசி புல்லட்டின் புது மாதிரியைக் கரடுமுரடுப் பந்தயத்தில் இறக்கியது. பின்னால் ஸ்விங் ஆர்ம், எண்ணெய் டேம்பர் வைத்த இரண்டு ஷாக் அப்சார்பர். பின்சக்கரம் இறுக்கமாக இருந்தால்தான் மண்ணில் பிடி கிடைக்கும் என்று நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டன் அணியில் இரண்டு பேர் இந்த புல்லட்டில் ஓடினார்கள். இருவருக்கும் தங்கப் பதக்கம். ஆடும் சக்கரம்தான் தரையை விடாமல் பிடிக்கும் என்று கல்லும் சேறும் நிரூபித்துக் கொடுத்தன.

13/
1950களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்காக இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்தவற்றை இங்கே பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1967ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஆலை ஓய்ந்துபோனது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது.

அதே 1956 நவம்பர் 1ல்தான் திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும் அந்த மலைப்பாதையில், மாட்டு வண்டி போன இடத்தில் மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிள் ஏற ஆரம்பித்த காலகட்டம் அது.

14/
அடுத்த பெரிய மாற்றம் 1980களில். 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்தன. 100 சிசி பைக் நடுத்தரக் குடும்பத்தின் வில்வண்டி ஆனது. அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, டேங்க் மேல் ஒரு பிள்ளை. இது விதிமீறல், ஆபத்து என்பது வேறு விஷயம். ஆனால் அதுதான் நடந்தது, இன்னும் நடக்குது.

இந்த வகை பைக்குகளின் பின் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் பக்கம் பாருங்க. ஸ்பிரிங்குக்கு அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. அது எதுக்கு? ஆள் ஏற ஏற மாற்றிக்கொள்வதற்கு!

15/
1973ல் இன்னொரு திருப்பம். பெல்ஜியத்தின் லூசியன் தில்கென்ஸ் என்ற பொறியாளரின் ஒற்றை ஷாக் அப்சார்பர் யோசனையை யமஹா வாங்கி, அந்த ஆண்டே 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது. மோனோ ஷாக் நம்ம ஊர்த் தெருவில் பரவலானது 2004ல் வந்த ஹோண்டா யூனிகார்னுக்குப் பிறகு. ஒன்றோ இரண்டோ, தத்துவம் ஒன்றுதான். ஸ்பிரிங் வாங்கும், எண்ணெய் தீர்க்கும்.

16/
இப்போ தென்காசிக்குத் திரும்புவோம். அந்த அம்மாவைப் பார்த்த வாரமே என் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன்.

"இந்தப் படி எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கதில்ல சார். வாங்கினப்ப எதுல இருந்துச்சோ அதுலயே ஓட்டுதாங்க" என்றபடி, கொக்கி மாதிரி இருக்கும் சி ஸ்பேனரால் திருகிக் காட்டினார்.

அவரிடம் கத்துக்கிட்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

படியைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம். அதனால் ஆள் ஏறியதும் வண்டி ரொம்பத் தாழாது. கீழே அமுங்குவதற்கு இடம் மிச்சம் இருக்கும். கடைசிப் படிகள் பாரம் அதிகமாக இருக்கும்போது. தனியாகப் போனால் குறைக்கணும், இல்லாட்டி முதுகைத் தட்டும். ரெட்டை ஷாக்கப்சர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும்.

குறைந்த படியில் இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகும்? பாதி இடம் ஏறும்போதே தீர்ந்துவிடும். வேகத்தடையில் மீதியும் தீர்ந்து, இரும்பும் இரும்பும் மோதும். அந்த அடி நேராக எல் 1க்குப் போகும்.

17/
பின்சீட்டுக்கு மட்டும் ஏன் அதிகம்?

ஓட்டுபவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காருகிறார். பின்சக்கரம் ஒரு அடி ஏறினால் அவர் ஏறக்குறைய அரை அடிதான் ஏறுவார். பின்னால் இருப்பவர் பின் அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. சக்கரம் ஏறுவது அப்படியே அவருக்கும்.

அதோடு, ஓட்டுபவருக்குப் பள்ளம் தெரியும். காலை ஊன்றி லேசா எழும்பிக்குவார். பின்னால் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பும் முறுக்கியே இருக்கும்.

1920களின் கேரியர் மெத்தையில் உட்கார்ந்தவர் நிலைமை இதுதான். எண்ணெய் ஒழுகிய ஷாக்கப்சர் நம்ம வீட்டுப் பெண்களை நூறு வருஷம் பின்னால் கொண்டுபோய் உட்கார வைக்குது.

18/
நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது:

- சீட்டை ஓங்கி அமுக்கி விடுங்க. ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. குதித்துக்கொண்டே இருந்தால் டேம்பர் போச்சு.
- கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு பாருங்க. இருந்தால் ஆயில் சீல் போயிருக்கு.
- மாற்றினால் ஜோடியாக மாற்றுங்க. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.
- மாற்றும்போது ஸ்விங் ஆர்ம் புஷ், ஷாக்கப்சரின் மேல் கீழ் ரப்பர் புஷ் எல்லாம் பார்க்கச் சொல்லுங்க.
- டயரில் காற்று, இரண்டு பேருக்கான அளவு. டன்லப்பை மறக்காதீங்க.
- வீட்டில் நீங்களே ஸ்பிரிங்கைப் பிரிக்காதீங்க. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கண், தாடை போகும். வாயு அடைத்த ஷாக்கப்சரை வெட்டவோ சூடு பண்ணவோ கூடாது. ட்ரையம்ப் குடத்தின் எச்சரிக்கை இன்னும் செல்லும்.

19/
ஒரு டாக்டராக:

- 60 வயதைத் தாண்டிய பெண்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஏற்கனவே சின்ன விழுதலில் எலும்பு உடைந்தவர்கள், கூன் விழுந்து உயரம் குறைந்தவர்கள் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்ளுங்க. மருந்து இருக்கு, பலன் தரும்.
- இவர்களைப் பின்சீட்டில் வைத்து நீண்ட தூரம் போகாதீங்க. பஸ்ஸில் போனாலும் கடைசி சீட் வேண்டாம். அதுவும் பின் அச்சுக்குப் பின்னால்தான்.
- வேகத்தடை வந்தால் வேகத்தைக் குறைத்து, "அம்மா, பிடிச்சுக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.
- தூக்கிப் போட்ட பிறகு முதுகில் கடும் வலி என்றால் சுளுக்கு என்று தடவி விடாதீங்க, எக்ஸ்ரே எடுங்க. கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது இருந்தால் உடனே 108. ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்க வேண்டாம்.

20/
அந்த அம்மாவுக்கு நரம்பு பாதிப்பு இல்லை. இடுப்புப் பட்டை, வலி மருந்து, எலும்புக்கான சிகிச்சையோடு வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது தனியாக நடந்தே உள்ளே வந்தார். உயரம் கொஞ்சம் குறைந்தது குறைந்ததுதான், அது திரும்பாது.

"எப்படிம்மா வந்தீங்க?"

"பஸ்லதான்யா. பைக்ல ஏற மாட்டேன்னுட்டேன்."

மகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ஷாக்கப்சரும் புதுசா மாத்திட்டேன் சார். படியும் கூட்டி வச்சிருக்கேன். ஆனா அம்மா நம்ப மாட்டேங்காவ."

அவர் நம்பாததில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் அடுத்து அந்தப் பின்சீட்டில் ஏறப் போகிற மருமகளுக்கும் பேத்திக்கும் அந்த இரண்டு ஷாக்கப்சரும் உதவும்.

இந்த வாரம் சாரலுக்கு வருகிறவர்கள், கிளம்பும் முன்னால் சீட்டை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்க. படியையும் பாருங்க.